விக்ரம் லேண்டர் சிதைவுப் படங்கள்

சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலமான விக்ரம், 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவின் தென்பகுதியில் மோதி நொறுங்கியது. அந்த இடத்தை அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் நிலவின் சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படங்களே விக்ரம் லேண்டர் சிதைவுப் படங்கள் எனப்படுகின்றன. இவற்றில் முதல் சிதைவுத் துண்டை அடையாளம் கண்டவர் மதுரையைச் சேர்ந்த, சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். கலம் முழுதாகக் கிடந்ததா, சிதறியதா, அதை முதலில் கண்டது யார் என்ற விவாதங்கள் இப்படங்களைச் சுற்றி எழுந்தன.

விக்ரம் 1,471 கிலோ எடை கொண்டது. 27 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் அதற்குள் இருந்தது. 2019 ஜூலை 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இத்திட்டத்தின் இலக்கு, மான்சினஸ் சி, சிம்பீலியஸ் என் ஆகிய பள்ளங்களுக்கு இடைப்பட்ட சமவெளி. தரையிறங்கும் சோதனைகளுக்குத் தேவையான நிலவு மண்ணின் மாதிரி, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளை அரைத்து உருவாக்கப்பட்டது. இறங்கும் கலம் 2.1 கி.மீ. உயரம் வரை சரியாகச் செயல்பட்டதாகவும் பிறகு தொடர்பு அறுந்ததாகவும் அன்றிரவே இஸ்ரோ தலைவர் கே. சிவன் அறிவித்தார்.

அடுத்த நாளே, சந்திரயான்-2இன் சுற்றுகலன் எடுத்த வெப்பப் படத்தில் லேண்டர் தெரிவதாக அவர் கூறினார். விக்ரம் உடையாமல் ஒரே துண்டாகச் சாய்ந்து கிடக்கிறது என்று, பெயர் வெளியிடப்படாத அதிகாரி ஒருவரை மேற்கோள் காட்டிச் செய்தி நிறுவனம் ஒன்று எழுதியது. செப்டம்பர் 10 அன்று இஸ்ரோ வெளியிட்ட அறிவிப்பிலோ, இடம் கண்டறியப்பட்டது, தொடர்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது மட்டுமே இருந்தது. அறிவிப்போடு படம் வெளியிடப்படவில்லை. ஒரு நிலவுப் பகல் முடியும் வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், நாடு முழுவதும் அந்த ‘ஒரே துண்டு’ செய்தியை நம்பிக் காத்திருந்தது. படத்தையும் அப்போதே காட்டியிருந்தால் அந்த நம்பிக்கையின் அளவு வேறாக இருந்திருக்கும்.

எல்.ஆர்.ஓ. செப்டம்பர் 17 அன்று அப்பகுதியைப் படமெடுத்தது. நாசா செப்டம்பர் 26 அன்று அதை வெளியிட்டது. அப்போது அங்கே அந்தி நேரம். சூரியன் தொடுவானுக்கு மேலே சுமார் 6 பாகை உயரத்தில்தான் இருந்தது. அந்தச் சாய்வில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் நீளும். சிறு மேடும் பள்ளமும் கூடப் பெரும் இருட்டுப் பட்டைகளாகும். படத்தின் ஒரு பிக்சல் தரையில் 1.3 மீட்டருக்குச் சமம். இரண்டரை மீட்டர் நீளமான விக்ரம் முழுதாக இருந்தாலே அதில் ஓரிரு புள்ளிகளாகத்தான் தெரியும். லேண்டரைக் காணவில்லை என்று நாசா சொன்னதில் வியப்பில்லை.

சண்முக சுப்பிரமணியன் பொதுவெளிக்கு வந்த அப்படத்தை இறக்கிக்கொண்டு, அதே இடத்தின் பழைய படத்தோடு வைத்து ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரேயொரு ஒளிர்ந்த பிக்சல் புதியதில் இருந்தது. அது பாறை முனையாகவோ படத்தின் இரைச்சலாகவோ இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. அவர் அதை நாசாவுக்குத் தெரிவித்தார். எல்.ஆர்.ஓ. குழு அக்டோபர் 14, 15, நவம்பர் 11 ஆகிய நாள்களில் எடுத்த படங்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டது. நவம்பரில் சூரியன் சுமார் 18 பாகை உயரத்தில் இருந்தது, பிக்சல் 0.7 மீட்டர் ஆனது. மோதிய பள்ளமும் அதிலிருந்து வீசப்பட்ட மண்கீற்றும் தெளிந்தன. மூன்று பெரிய துண்டுகள் ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டு பிக்சல் அளவில், நிழலோடு தெரிந்தன. சிதைவுகள் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில், பல கிலோமீட்டர் பரப்பில் கிடந்தன. சண்முக சுப்பிரமணியன் கண்ட துண்டு முதன்மை மோதலிடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டரில் இருந்தது. டிசம்பர் 2 அன்று நாசா அவர் பெயரைக் குறிப்பிட்டு முடிவுகளை வெளியிட்டு, அவர் கண்ட துண்டைப் படத்தில் ‘எஸ்’ என்ற எழுத்தால் குறித்தது. ‘ஒரே துண்டு’ செய்தி அத்துடன் முடிந்தது.

தங்கள் சுற்றுகலன் முன்பே இடத்தைக் கண்டுவிட்டது என்று சிவன் பதிலளித்தார். இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. ஆனால் யாரும் சரிபார்க்கக்கூடிய சான்றோடு வந்தது சண்முக சுப்பிரமணியனின் கூற்றுதான். இக்கண்டுபிடிப்பின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

விபத்தின் காரணம் இப்படங்களிலிருந்து வரவில்லை. அவை வெளியாகும் முன்பே, 2019 நவம்பரில், இணையமைச்சர் ஜிதேந்திர சிங் மக்களவையில் எழுத்துமூலம் விளக்கியிருந்தார்: முதல் கட்டத்தில் 30 கி.மீ. உயரத்திலிருந்து 7.4 கி.மீ. வரை கலம் ஒழுங்காக இறங்கியது. வேகம் விநாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது. இரண்டாம் கட்டத்தில் வேகக்குறைப்பு வடிவமைத்த அளவை மீறியது. எந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததையும், சேர்ந்துபோன பிழைகளைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருள் அதைக் கட்டுப்படுத்தியதையும், இறங்குமிடம் 500 மீட்டர் சதுரமாகக் குறுகியிருந்ததையும் அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் 2023இல் விவரித்தார். எல்லாம் தொலையளவீட்டுத் தரவு தந்த விடைகள். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ஏவூர்தி, 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக்கடலில் விழுந்தபோதும், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தது என்ற முடிவு ஆய்வுக்குழுவின் தரவு அலசலில்தான் கிடைத்தது.

படம் தீர்ப்பையே மாற்றியதும் உண்டு. 2003இல் செவ்வாயில் காணாமற்போன பிரிட்டனின் பீகிள்-2 நொறுங்கியிருக்கும் என்றே பலர் எண்ணினர். 2015 ஜனவரியில் வெளியான படங்களில் அது முழுதாக இறங்கி, சூரியத் தகடுகளில் சிலவற்றை விரித்தபடி இருந்தது. மீதித் தகடுகள் ஏன் விரியவில்லை என்பதை அப்படமும் சொல்லவில்லை.

2020 ஆகஸ்டில் சண்முக சுப்பிரமணியன், பிரக்யான் உடையாமல் லேண்டரிலிருந்து சில மீட்டர் உருண்டிருக்கிறது என்று புதிய படமொன்றைக் காட்டி வாதிட்டார். வல்லுநர்கள் ஆராய்வதாகச் சிவன் கூறினார். ஒரு பிக்சல் அளவே உள்ள பொருளைப் பற்றிய இவ்வாதம் முந்தையதைப் போல உறுதிசெய்யப்படாமல் கருத்தாகவே நின்றுவிட்டது.

சந்திரயான்-3இல் இறங்குமிடம் 4 கி.மீ. நீளம், 2.4 கி.மீ. அகலமாக விரிக்கப்பட்டது, கால்கள் வலுவாக்கப்பட்டன, எந்திரங்கள் ஐந்திலிருந்து நான்காயின. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அக்கலம் 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04க்குத் தரையிறங்கியது. நான்கு நாள் கழித்து எல்.ஆர்.ஓ. அதையும் படமெடுத்தது. இம்முறை படத்தில் இருந்தது முழுக் கலமும், எந்திரப் புகைவீச்சில் மண் கிளறியதால் அதைச் சுற்றி உண்டான வெளிறிய வளையமும்.