நகரும் காற்றழுத்தி: கட்டுமானப் பணியில் அதன் வரலாறு

நகரும் காற்றழுத்தி என்பது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, குழாய் வழியே கருவிகளுக்கு அனுப்பும் பொறியைச் சக்கரங்களின் மீது அமைத்த வடிவம் ஆகும். தொழிலாளர் இதனைக் கம்ப்ரசர் என்றே அழைப்பர். பாறையைத் துளைக்கவும், பழைய காங்கிரீட்டையும் சாலையையும் உடைக்கவும் இது பயன்படுகிறது. எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும், அதை வேலை நடக்கும் இடத்துக்கு எப்படிக் கொண்டு செல்வது என்னும் மூன்று கேள்விகளே இப்பொறியின் வளர்ச்சியை வழிநடத்தின. இன்று ஒரு பொறியைத் தேர்ந்தெடுப்பவருக்கும் இவையே அடிப்படை.

ஆல்ப்சு மலைச் சுரங்கம்

கட்டுமானத்தில் அழுத்தப்பட்ட காற்றின் ஆற்றலை உலகுக்குக் காட்டியது, பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் செனி தொடருந்துச் சுரங்கம் ஆகும். பணி 1857இல் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் தொழிலாளர் சம்மட்டியும் உளியும் கொண்டு கையாலேயே துளையிட்டனர். நீராவிப் பொறியைச் சுரங்கத்தினுள் இயக்கினால் புகை நிறைந்து மூச்சு முட்டும். மலைக்கு நடுவே காற்றோட்டக் கிணறு தோண்டவும் வழியில்லை.

பொறியாளர் செர்மைன் சொமெய்யே இதற்கு ஒரு தீர்வு கண்டார். மலையோடைகளின் நீர்விசையால் சுரங்கத்துக்கு வெளியே காற்றை அழுத்தி, அதைப் பல கிலோமீட்டர் இரும்புக் குழாய் வழியே உள்ளே அனுப்பினார். 1861இல் இத்தாலியப் பக்கத்தில் காற்றுத் துளைப்பான்கள் வேலையைத் தொடங்கின. கருவியிலிருந்து வெளியேறிய காற்றே தொழிலாளர் சுவாசிக்கவும் உதவியது. 1870 டிசம்பரில் இரு பக்கங்களும் சந்தித்தன. 1871 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்பே சொமெய்யே காலமானார்.

கையில் பிடிக்கும் கருவிகள்

அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் ஊசாக் சுரங்கப் பணியில் 1866இல் சார்லசு பர்லியின் துளைப்பான் பயன்பட்டது. 1871இல் சைமன் இங்கர்சால் பாறைத் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். இவை தாங்கிகளின் மீது பொருத்தப்பட்ட கனமான கருவிகள். 1894இல் சார்லசு பிராடி கிங் காற்றுச் சுத்தியலுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே ஆள் கையாளக்கூடிய கருவிகள் பெருகியபோது, காற்றை உண்டாக்கும் பொறியும் அவர் பின்னே வர வேண்டியதாயிற்று.

சக்கரம் ஏறிய பொறி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் எஞ்சினும் பின்னர் டீசல் எஞ்சினும் உருளைக்காற்றழுத்தியுடன் இணைக்கப்பட்டுச் சக்கரச் சட்டத்தில் ஏற்றப்பட்டன. அருவியும் நிலையான கொதிகலனும் தேவையில்லாமல் நகரத் தெருவிலேயே அழுத்தக் காற்று கிடைத்தது. 1930களில் சுவீடன் பொறியாளர் ஆல்ஃப் லிசோல்ம் திருகு வகைக் காற்றழுத்தியை மேம்படுத்தினார். ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு திருகுகளுக்கிடையே காற்று நெருக்கப்படுவதே இதன் தத்துவம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய் செலுத்தப்படும் திருகு வகை பரவியது. அதிர்வு குறைவாகவும், காற்று இடைவிடாமலும் கிடைப்பதால் இழுத்துச் செல்லும் பொறிகளில் இன்று இதுவே பெரும்பான்மை.

தூசி வாங்கிய உயிர்கள்

வேகமாகத் துளைக்கும் கருவி, நுண்ணிய பாறைத் தூசியையும் மிகுதியாக எழுப்பியது. இதைச் சுவாசித்தவர்களுக்குச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் வந்தது. துளைக்கோலின் உட்துளை வழியே நீர் பாய்ச்சித் தூசியை அடக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் லெய்னரின் துளைப்பான் மூலம் அறிமுகமானது. ஆயினும் 1930இல் தொடங்கிய மேற்கு வர்ஜீனியாவின் ஆக்சு நெஸ்ட் சுரங்கத்தில், சிலிக்கா மிகுந்த பாறை உலர்வாகவே துளைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் இந்நோயால் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நோயைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தும் கைக்கொள்ளாததே இத்துயரத்தின் காரணம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் கடினப்பாறைப் பகுதிகளில் கிணறு வெட்டக் கையால் தமர் அடித்து வெடி வைத்தனர். பின்னர் டிராக்டரில் பொருத்திய கம்ப்ரசர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் 1960இல் தொடங்கப்பட்ட எல்ஜி நிறுவனம் காற்றழுத்திகளைத் தயாரிக்கிறது. ஆழ்துளைக் கிணறு வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் பெற்றது.

தேர்வுக்கான அடிப்படைகள்

காற்றின் அளவு நிமிடத்துக்கு இத்தனை கன அடி (சி.எஃப்.எம்.) என்றும், அழுத்தம் பி.எஸ்.ஐ. அல்லது பார் என்றும் குறிக்கப்படும். காங்கிரீட் உடைப்பான்களுக்குப் பொதுவாக 100 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 7 பார் போதும். ஆழ்துளை வண்டிக்கு இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் உடைப்பானுக்கு ஏறத்தாழ 65 சி.எஃப்.எம். தேவை எனில், இரண்டுக்கு 130. கசிவுக்கும் தேய்மானத்துக்கும் கால் பங்கு சேர்த்தால் சுமார் 163. எனவே சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 185 சி.எஃப்.எம். பொறி பொருந்தும். எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்குவது சரியான முறையன்று. பெரிய தொட்டி இருந்தால் போதும் என்பதும் சரியன்று. இடைவிடாது இயங்கும் உடைப்பான் தொட்டிக் காற்றை விரைவில் தீர்த்துவிடும். வண்ணம் தெளிப்பதற்கும் ஆணி அடிப்பதற்கும் தொட்டியுடைய சிறு உருளை வகையே போதுமானது. குழாய் நீண்டாலும் குறுகினாலும் கருவியை அடையும் அழுத்தம் குறையும். மலைப்பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவதால் பொறியின் பயனும் குறையும்.

டீசல் பொறியை மூடிய அறையில் இயக்கலாகாது. குழாய் இணைப்புகளில் பாதுகாப்புக் கம்பி கட்ட வேண்டும். அழுத்தக் காற்றை உடலின் மீது பாய்ச்சக் கூடாது. பாறையையோ காங்கிரீட்டையோ துளைக்கும் இடத்தில் நீர் தெளிப்பும், தொழிலாளருக்கு ஏற்ற முகக்கவசமும் காதுக்காப்பும் பொறியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டிய செலவுகள் ஆகும்.