பரங்கிமலையில் போட்ட டேரா

வெள்ளிக்கிழமை இரவு பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் ஜி.எஸ்.டி. சாலையில் பொறுமை போய்விடும். ஊருக்குப் போகும் பேருந்துகளுக்கு நடுவே சில ஜீப்புகளும் ஊர்ந்துகொண்டிருக்கும். கூரையில் சுருட்டிக் கட்டிய டென்ட், உள்ளே தண்ணீர் கேனும் கேஸ் அடுப்பும், எப்போதாவது ஒன்றின் பின்னால் கொக்கி மாட்டிய சின்ன ட்ரெய்லர். கல்வராயன் மலைக்கோ கொல்லிமலைக்கோ மேகமலைக்கோ இரண்டு நாள் பயணம்.

மூட்டை முடிச்சோடு மலையேறிக் கூடாரத்தில் தங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து கிளம்பிய ஒரு கூடாரக் கூட்டம் நாட்டின் நிலப்படத்தையே திருத்தியது. அவர்கள் போனது பொழுதுபோக்குக்காக அல்ல, பிழைப்புக்காக.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி சங்கிலியோடு நின்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். கணக்கிலும் வானியலிலும் ஊறியவர். பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளப்பது அவர் வேலை. நீளம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். இன்று பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று அடுக்குமாடிகள் நெருக்கியடிக்கும் பக்கம் அன்று திறந்த சமவெளியாக இருந்தது.

அந்தச் சங்கிலிக்கே தனிக்கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல், கை மாறி இந்தியா வந்தது. இரண்டரை அடி எஃகுத் துண்டுகள் நாற்பது கோத்து 100 அடி. வெயிலில் இரும்பு நீளும். ஒரு மயிரிழை நீண்டாலும் கணக்குக் கெடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளில் ஏற்றி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, மேலே கூடாரத் துணி பிடித்து அளந்தார்கள். 100 அடி முடிந்ததும் அத்தனையையும் தூக்கி அடுத்த 100 அடிக்கு வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கிட்டத்தட்ட நானூறு தடவை.

இந்த ஒரு கோடுதான் அடித்தளம். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். பிறகு குன்றுக்குக் குன்று, முக்கோணத்தின் மேல் முக்கோணம். பாதை எங்கே போகிறது என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. எந்த உச்சியிலிருந்து எந்த உச்சி தெரிகிறது என்பதுதான் கேள்வி. சாலையை விட்டு இறங்குவது அவர்களுக்குச் சாகசமல்ல, அன்றாடம்.

இழுத்துப்போக அவர்களுக்கும் ஒரு பாரம் இருந்தது. கோணம் அளக்க லண்டனில் செய்வித்த பெரிய தியோடலைட், ஏறத்தாழ அரை டன். கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். சக்கரம் போகாத இடத்தில் பன்னிரண்டு பேர் அதைத் தோளில் சுமந்தார்கள். சர்வேயில் இவர்களுக்குக் கலாசிகள் என்று பெயர். கூடாரம் அடிப்பது, உச்சியில் மரம் வெட்டிப் பார்வைக்கு வழி செய்வது, கொடி நடுவது எல்லாம் அவர்கள் கைவேலை.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்தக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் கோணிப்போனது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். ஆறு வாரம் ஆப்பும் திருகும் வைத்து இழுத்து இழுத்து அதை வட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே பயணம் தொடர்ந்தது.

பலன் சின்னதல்ல. சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் பழைய படங்களில் இருந்ததைவிட சுமார் 40 மைல் குறைவு என்று தெரிந்தது. விலையும் சின்னதல்ல. 1819இல் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் லாம்ப்டனின் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட்டும் அவர் ஆட்களும் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். சிலர் திரும்பவே இல்லை. லாம்ப்டனும் பயணத்திலேயே, 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார்.

அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் கிளம்பினால் ஓர் ஊரே கிளம்பும்: 4 யானை, 30 குதிரை, 42 ஒட்டகம், 700 ஆட்கள். பரங்கிமலையில் தொடங்கிய முக்கோண வரிசை கடைசியில் இமயத்தை எட்டியது. உலகின் உயரமான சிகரத்துக்கு 1865இல் அவர் பெயரை வைத்தார்கள்.

கூடார வாழ்க்கை நம் பேச்சிலும் தங்கிவிட்டது. விருந்தாளி கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை என்றால் "டேரா போட்டுட்டான்" என்கிறோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஐயாவைத் தேடினால் "கேம்ப் போயிருக்கார்" என்று பதில் வரும். ஜமாபந்திக்கு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கிய கலெக்டர்கள் காலம் போனாலும், வெளியூரிலிருந்து அதிகாரி எழுதும் கடிதத்தில் 'முகாம்' என்று போட்டு ஊர்ப்பெயர் எழுதுவது நிற்கவில்லை.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பரங்கிமலை. 300 அடி உயரக் குன்றின் மேல், மாதா கோயிலுக்கு அருகே லாம்ப்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. தோளில் சுமந்தவர்களுக்குச் சிலை இல்லை. அவர்கள் சுமந்த தியோடலைட் இப்போது சர்வே ஆஃப் இந்தியாவின் தலைமையகத்தில் ஓய்வெடுக்கிறது. அந்த ஊர் டேராடூன். ஒரு சீக்கிய குருவின் மகன் அங்கே போட்ட டேராவால் வந்த பெயர் அது.