தேடிய தேட்டமும் பிரிந்த இருவரும்

நான் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் ஒருநாள் என்னைத் தேடி வந்தனர். சச்சரவு இன்றிப் பிரிந்துவிடுவதென இருவரும் தீர்மானித்திருந்தனர்.

"அண்ணை, வழக்குக்குக் காசைக் கொட்டாமல் நாங்களே பிரிச்சுக்கொள்ளுவம். நீங்கள் சாட்சியாய் இருங்கோ" என்றார் கணவர்.

அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றில் யாவற்றையும் எழுதி வந்திருந்தனர். மனைவியின் சீதன வளவு. அதன்மீது கணவரின் வெளிநாட்டு உழைப்பில் எழுந்த கல்வீடு. மணமான பின்னர் வாங்கிய தோட்டக்காணி. கணவரின் பெயரில் வங்கிக் கடன். அடைவில் இருக்கும் மனைவியின் நகைகள். தாம் அறியாமலே அவர்கள் முந்நூறு ஆண்டுக்கால வரலாற்றை அத்தாளில் எழுதியிருந்தனர்.

யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுக்குமாறு ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் பணித்ததற்கிணங்க, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டில் அப்பணியை நிறைவு செய்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்களின் ஒப்புதலைப் பெற்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். இதுவே தேசவழமை. முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், மணவாழ்வில் ஈட்டியது தேடிய தேட்டம் என மூன்றாகச் சொத்தைப் பகுத்தது அது. கடனை அது நோக்கிய விதமோ கடுமையானது. பெற்றோர் எதையும் விட்டுச் செல்லாதபோதும் அவர்களது கடனைத் தீர்ப்பது ஆண்மக்களின் கடமை.

மணமுறிவைப் பற்றி அத்தொகுப்பு அதிகம் பேசவில்லை. எனினும் நான் பலமுறை திரும்பிச் சென்று வாசிக்கும் இடம் ஒன்று அதில் உண்டு. கணவனும் மனைவியும் பிணங்கித் தனித்தனியே வாழும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நிற்பர் என்றும், அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எதனையும் கணவன் பிறருக்கு நன்கொடையாக வழங்கலாகாது என்றும் அது கூறுகிறது. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் ஏட்டில், பிரிந்து வாழும் ஒரு தமிழ்ப் பெண்ணின் காணிக்கு அன்றே ஒரு வேலி போடப்பட்டிருந்தது!

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தை அவளுக்கே உரிய தனிச்சொத்தாக ஏற்றது. ஆயினும் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. கணவன் கைவிட்டிருந்தாலோ, இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தாலோ அச்சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். 1947ஆம் ஆண்டின் திருத்தமோ தேடிய தேட்டத்தின் எல்லையைச் சுருக்கியது. ஒருவர் தம் தனிச்சொத்தை விற்ற பணத்தில் வாங்கியது தேட்டம் ஆகாது. ஒருவர் இறந்தபின் தேட்டத்தின் பாதி யாருக்கு என்று விரிவாகப் பேசும் இச்சட்டம், உயிரோடிருந்து பிரிவோரைப் பற்றி அதே தெளிவுடன் பேசவில்லை. அந்த இடைவெளியைக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவே நிரப்புகிறது. மணமுறிவுத் தீர்ப்பின்போது சொத்தை எழுதிக்கொடுக்கவோ பணம் செலுத்தவோ நீதிமன்றம் கட்டளையிடலாம்.

என் முன் இருந்த இருவருக்கும் சொத்து ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. கட்டடம் நிலத்தைச் சேரும் என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படை. வீடு மனைவிக்கே என்று கணவர் தாமாகவே எழுதியிருந்தார். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பொதுத் திருமணச் சட்டத்தின்படி சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லுதல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகிய மூன்றுமே மணமுறிவுக்கான காரணங்கள். இருவரின் சம்மதம் காரணமாகாது. கண்டிச் சிங்களவரோ 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், இருவரும் இசைந்தால் நீதிமன்றம் ஏறாமலே மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பிரியலாம். ஒரே தீவில், நட்புடன் பிரியும் உரிமை சிலருக்கு மட்டுமே வாய்த்திருப்பது நியாயமென எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

சட்டத்தரணி ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். தாளை வாசித்த அவர் இரண்டு விடயங்களைச் சொன்னார். கடனைப் பாதியாகப் பகிர்வதென இருவரும் எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது, கையொப்பமிட்டவரிடமே வங்கி பணம் கேட்கும் என்பது ஒன்று. யார் யாரைக் கைவிட்டது என்பதற்கு விடை வேண்டும் என்பது மற்றையது.

அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மனைவி முந்தானையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான் விட்டிட்டுப் போனனெண்டு எழுதுங்கோ" என்றார் கணவர்.

"அப்பிடி இல்லை" என்று மனைவி தொடங்கினார். அவர் கையமர்த்திவிட்டார்.

தோட்டக்காணியை முதலில் விற்றனர். அப்பணத்தில் வங்கிக் கடன் தீர்ந்தது, நகைகளும் அடைவிலிருந்து மீண்டன. எஞ்சியதைச் சரிபாதியாகப் பிரித்தனர். எதிர்வாதம் இன்றி வழக்கு நடந்தது. முதல் தீர்ப்புக்குப் பின் மூன்று மாதங்கள் காத்திருந்து முடிவான தீர்ப்பைப் பெற்றனர். அதில் குற்றவாளியாகப் பதிவாகியிருப்பவர், வீட்டையும் விட்டுக்கொடுத்து ஒரு சூட்கேசுடன் வெளியேறிய அந்த மனிதர்.