புனே மாவட்டச் சிற்றூர்களில் தன்னார்வத் தீயணைப்பும் மீட்பும்

1992ஆம் ஆண்டின் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்குரிய பதினெட்டுப் பணிகளுள் தீயணைப்பையும் சேர்த்தது. அதே ஆண்டின் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்கு இருபத்தொன்பது பணிகளை வகுத்தது. நூலகமும் சந்தையும் அப்பட்டியலில் உள, தீயணைப்பு இல்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை என்பதால் இவ்விடுபாடு அவ்வளவாக உணரப்படுவதில்லை. மகாராட்டிரத்திலோ தீயணைப்பு நிலையங்கள் பெரும்பாலும் நகராட்சிகளையும் தொழிற்பேட்டைகளையும் சார்ந்தவை. எனவே புனே மாவட்டத்துச் சிற்றூரில் வைக்கோற்போர் பற்றி எரியும்போது, கிணற்றுநீரும் அண்டைவீட்டார் கைகளுமே முதல் துணை. வண்டி வருவதற்குள் போர் சாம்பலாகிவிடும்.

இவ்விடைவெளியை நிரப்பக்கூடியதாக எழுந்த அமைப்புகளுள் மூத்தது ஊர்க்காவல் படை. பம்பாய் மாகாணத்தில் 1946 டிசம்பரில் அது தொடங்கப்பெற்றது. 1947இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. வகுப்புக் கலவரங்களை அடக்குவதே அதன் தொடக்க நோக்கம். தீ, வெள்ளம் முதலியவற்றில் உதவுவது உடன் சேர்ந்த கடமை எனலாம். 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் பிற மாநிலங்களும் இவ்வமைப்பை ஒரே சீராக ஏற்றன. தத்தம் தொழிலைச் செய்துகொண்டே அழைத்தபோது வந்து பணியாற்றுவோரே இதன் உறுப்பினர்.

புனே வட்டாரம் கண்ட பெருஞ்சோதனை தீயன்று, நீர். 1961 சூலை 12 அன்று காலையில் அம்பி ஆற்றின் பான்ஷெட் அணை உடைந்தது. முந்தைய இரவெல்லாம் படைவீரர்கள் மணல்மூட்டைகளை அடுக்கி அணையைத் தாங்கினர். அதனால் உடைப்பு இருளில் நிகழாது பகலில் நிகழ்ந்தது. உயிர்கள் பல பிழைத்தமைக்கு இத்தாமதமே காரணம் என்பர். பெருகிய நீர் கீழிருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துப் புனே நகருள் புகுந்தது.

அரை நூற்றாண்டு கடந்தும் நிலை பெரிதும் மாறவில்லை என்பதை மாலின் காட்டுகிறது. ஆம்பேகாவ் வட்டத்தைச் சேர்ந்த இம்மலையூர், 2014 சூலை 30 காலையில் மண்சரிவில் புதைந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழியே வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர், ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணாமல் செய்தி சொன்ன பின்னரே புறவுலகம் அறிந்தது. 2006இல் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அணியொன்று இதே மாவட்டத்தில் நிலைகொண்டிருந்தது. ஆயினும் செய்தி சென்றால்தானே படை வரும்!

அண்மைக் காலத்தில் லோனாவ்ளாவைச் சேர்ந்த 'சிவதுர்க் மித்ரா' போன்ற மலையேறுவோர் குழுக்கள் இப்பணியில் முன்னிற்கின்றன. கோட்டைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிக்கியோரைக் கயிறு கட்டி மீட்பது இவர்தம் தொண்டு. இவர்கள் எவரும் தீயணைப்புத் துறையினர் அல்லர். பாறையும் பாதையும் அறிந்த உள்ளூரார்.