தோட்டாவில் சன்னம் அமரும் ஆழம்

வெடிமருந்து நிரப்பிய கோதின் வாயில் சன்னத்தின் அடிப்பாகம் எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பதே அமர்வாழம். தோட்டாவைக் கையால் நிரப்பும் இலக்குச் சுடுநர்கள் இதை மில்லிமீற்றரின் நூறில் இரண்டு மூன்று பங்குவரை பார்ப்பார்கள்.

கணக்கு எளிது. கோதின் நீளத்தையும் சன்னத்தின் நீளத்தையும் கூட்டி, அதிலிருந்து முழுத் தோட்டாவின் நீளத்தைக் கழித்தால் ஆழம் வந்துவிடும். 51.0 மி.மீ. கோதும் 30.9 மி.மீ. சன்னமும் சேர்ந்து 71.1 மி.மீ. தோட்டாவானால், சன்னம் 10.8 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஆனால் இந்த எண் பாதி விடயத்தைத்தான் சொல்கிறது. குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிகளைத் தொடுமுன் சன்னம் பாய வேண்டிய இடைவெளி எவ்வளவு என்பதே மற்றப் பாதி.

இங்கே நுனியை நம்பக் கூடாது. ஈய நுனி நசுங்கியிருக்கும். ஒரே பெட்டிச் சன்னங்களிலும் நுனி ஏறி இறங்கும். வரியைத் தொடுவது நுனியல்ல, அதற்குக் கீழே சன்னம் முழுப் பருமனை எட்டும் தோள். ஆகவே சன்னத்தின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய துளையுள்ள வளையத்தை வேணியர் இடுக்கிமானியில் பூட்டி, கோதின் அடியிலிருந்து அந்தத் தோள்வரை அளக்கிறார்கள். வளையத்துக்கு வளையம் அளவு மாறும். ஒருவருடைய எண்ணை இன்னொருவர் இரவல் வாங்கிப் பயனில்லை.

வரி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. மருந்தும் கேப்பும் இல்லாத வெற்றுக் கோதின் கழுத்தை நீளவாக்கில் கீறி, சன்னத்தை இலேசாகச் செருகி, துவக்கின் அறையில் வைத்துப் பூட்டினால், வரிகளே சன்னத்தைப் பின்னுக்குத் தள்ளி அளவைச் சொல்லிவிடும். குழல் வாயிலிருந்து துடைப்புக் கம்பியை விட்டு, பூட்டிய நிலையில் ஒரு குறியும், சன்னம் வரியில் முட்டிய நிலையில் இன்னொரு குறியும் போட்டு, இடைத்தூரத்தை அளப்பதும் உண்டு. இப்படிக் கிடைக்கும் அளவு அந்தத் துவக்குக்கும் அந்தச் சன்னத்துக்கும் மட்டுமே பொருந்தும். சுடச்சுட வரியின் தொடக்கம் தேய்ந்து முன்னே நகர்வதால், கடைசி இலக்கம்வரை பிடிவாதம் பிடிப்பதில் பெரும்பகுதி மனநிறைவுக்கே.

பிடிவாதம் பிடிக்க வேண்டியது அமுக்கத்தில். சன்னம் ஆழமாக இறங்கினால் மருந்துக்குரிய இடம் குறைந்து அமுக்கம் ஏறும். சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாவில் இது கடுமையாகவே ஏறும். நீண்ட துவக்குத் தோட்டாவிலோ சன்னம் வரியை முட்டி நிற்பதுதான் கூடுதல் ஆபத்து. பாய்ச்சலுக்கு இடமில்லாமல் அமுக்கம் திடீரென உயரும். இதனால்தான் தோட்டா ஒவ்வொன்றுக்கும் முழுநீள உச்ச வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. .308 வின்செஸ்டருக்கு அது 2.810 அங்குலம், லீ-என்ஃபீல்ட் துவக்கின் .303 தோட்டாவுக்கு 3.075 அங்குலம்.

இந்த .303க்குத் தமிழ்நாட்டோடு தொடர்புண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் எழுந்த தொழிற்சாலை, அதன் மருந்தான கார்டைட்டைத் தயாரித்தது. கார்டைட் நூல் நூலாக இருக்கும். கோதின் கழுத்தை ஒடுக்குமுன்னரே அதைக் கட்டாக உள்ளே வைப்பார்கள். வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலையல்ல அது.

இலங்கையிலோ, வீரமுனை, சம்மாந்துறை வயல்களில் பன்றிக்கும் யானைக்கும் காவலாக உரிமத்தோடு வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் துவக்கு. அதன் குழலில் வரியே இல்லை. தோட்டாவும் ஆலையிலேயே அடைபட்டு வருவது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் உள்ள நாட்டில் கைநிரப்பு பொழுதுபோக்காக வளரவில்லை. இங்கே அமர்வாழம் என்ற கவலைக்கு மிக அருகில் வருவது, வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துவக்குதான். இடிக்கும் கம்பில் வெட்டிய குறி குழல் வாயோடு சமமாக நின்றால், குண்டு மருந்தின்மேல் சரியாக அமர்ந்துவிட்டது. குறி மேலே நின்றால் இடையில் வெற்றிடம் இருக்கிறது. அப்படியே சுட்டால் குழல் வளையமாக வீங்கும், சில வேளை வெடித்தே போகும்.