சர்க்கரைப் பெட்டி போன வழி

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்கள் பிர்ச் மரப்பட்டையில் செய்யும் பெட்டிக்கு மக்கக் என்று பெயர். கோடை தொடங்கி மரத்தில் சாறு ஏறியதும் பட்டை இளகும். அடிமரத்தில் புகையிலையைக் காணிக்கையாக வைத்துவிட்டு, மேல்பட்டையில் மட்டும் நெடுக ஒரு கீறல் போடுவார்கள். உள்பட்டையில் கத்தி படாவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும். குளிர் மாதங்களில் உரித்தால், பட்டையோடு கரும்பழுப்புத் தோல் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். அதை நனைத்து, வேண்டிய வடிவில் சுரண்டினால் வெளிர்நிறத்தில் இலையும் பூவும் தெளியும்.

உரித்த பட்டையை அனல் காட்டி மடிப்பார்கள். மரத்தில் வெளியே தெரிந்த வெள்ளைப்புறம் பெட்டிக்கு உள்புறமாகிவிடும். நீளவாக்கில் பிளந்து ஊறவைத்த ஸ்ப்ரூஸ் வேர்தான் தையல் நூல். விளிம்புக்கு ஒரு குச்சியை வளைத்துக் கட்டினால் பெட்டி தயார். ஆணியே கிடையாது.

மார்ச், ஏப்ரலில் மேப்பிள் சாறு இறங்கும். ஏறத்தாழ 40 லிட்டர் சாறு சுண்டினால் ஒரு லிட்டர் பாகு. மேலும் பதம் ஏற்றிக் கிளறினால் பொலபொலவென்று சர்க்கரை. அதை மக்கக்கில் கொட்டி மூடி தைத்துவிட்டால் வருடம் முழுக்க மீனுக்கும் காட்டரிசிக்கும் அதுதான் சுவை கூட்டும். விலங்குத்தோல் வணிகர்களும் சர்க்கரையைப் பெட்டியோடு வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மாக்கினாக் தீவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளுக்காகக் கையடக்க மக்கக்குகள் விற்பனைக்கு வந்தன. தகர டப்பா புழக்கத்துக்கு வந்தபின் அடுப்படியில் மக்கக்கின் தேவை குறைந்தது. அருங்காட்சியகங்களில் இடம் கிடைத்தது.

இதற்குள் காடே கைமாறியிருந்தது. அமெரிக்க அரசுடன் செய்த 1837, 1842 ஒப்பந்தங்களில், அனிஷினாபேக்களில் ஒரு பிரிவினரான ஓஜிப்வே மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். அங்கே வேட்டையாடுவது உள்ளிட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை. மாநில அரசுகள் அதை மதிக்காமல் வழக்குப் போட்டுவந்தன. விஸ்கான்சினில் வேட்டை, மீன்பிடிப்பு, காடுபடு பொருள் சேகரிப்பு உரிமைகள் செல்லும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 1983 ஆகிவிட்டது.

உரிமை திரும்பிய காட்டில் இன்று மரத்துக்குத்தான் தட்டுப்பாடு. பிர்ச், வெயில் விழும் வெட்டவெளியில் முளைப்பது; காட்டுத்தீக்குப் பிறகு முதலில் எழும் மரங்களில் ஒன்று. தீயை அணைத்தே பழகிய வனத்துறை நிர்வாகத்தில் நிழல் மரங்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பெட்டிக்கு உதவும் பட்டைக்கு மரம் பருத்து, கணுவின்றி நேராக வளர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். மக்கக் மடிக்கும் கையைச் சில பருவங்களில் பழக்கிவிடலாம். காட்டைப் பழக்க ஒரு தலைமுறை வேண்டும். கைவினைப் பயிற்சிக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் கன்றுகளுக்கு வெயில் விழவும் வழி செய்தாக வேண்டும்.