எச், ஜே, கே, எல்: நான்கு எழுத்துகளின் கதை

லினக்ஸ் கணிப்பொறியில் 'விம்' என்னும் எழுத்துத் திருத்தியைப் பயன்படுத்துவோரைக் கண்டிருப்பீர்கள். விசைப்பலகையில் அம்புக்குறி விசைகள் நான்கு இருக்க, அவற்றை இவர்கள் தொடுவதேயில்லை. எச் எழுத்தை அழுத்தினால் இடப்புறம், ஜே கீழே, கே மேலே, எல் வலப்புறம். சென்ற பருவத்தில் ஆய்வகத்தில் மாணவர் ஒருவர், "ஏன் சார் இந்த நான்கு எழுத்து?" என்று என்னைக் கேட்டார். "பழகிக்கொள், தானே வரும்" என்று சொல்லிவிட்டேன். இயற்பியல் ஆசிரியன் சொல்லத்தக்க விடையா அது? வீடு வந்து சேரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 'எட்' என்ற திருத்தியை எழுதினார். அந்நாளில் பலரிடம் இருந்தது திரையன்று, டெலிடைப் எந்திரம். விநாடிக்குப் பத்தே எழுத்துகளைக் காகிதத்தில் தட்டும். எனவே 'எட்' வாய் திறப்பதில்லை. நீங்கள் தவறிழைத்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிடும். என்ன தவறு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்!

1976-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் என்ற ஆராய்ச்சி மாணவர் இதை மேம்படுத்த முனைந்தார். லண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் எழுதிய 'எம்' என்ற திருத்தி அவருக்கு வழிகாட்டிற்று. இதிலிருந்து 'எக்ஸ்' பிறந்தது. அதன் திரை வடிவமே 'வி.ஐ.'. ஜாய் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வேலை செய்தார். அதன் வேகம் விநாடிக்கு 300 பிட்டுகள். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்துப் பத்து பிட்டுகள் எனக் கொண்டால், விநாடிக்கு 30 எழுத்துகள். திரையிலோ 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். ஆக 1,920 எழுத்துகள். வகுத்துப் பாருங்கள்: திரை முழுதும் ஒருமுறை நிரம்ப 64 விநாடிகள்! இந்த நிலையில் ஒரு சொல்லை அழிக்க இரண்டு எழுத்துகள் போதும் என்பது சோம்பேறித்தனமன்று, அடிப்படைத் தேவை.

இனி அந்த நான்கு எழுத்துகள். ஜாய் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தில் தனி அம்புக்குறி விசைகள் கிடையா. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் வரையப்பட்டிருந்தன. அதற்கும் காரணம் உண்டு. ஆஸ்கி குறியீட்டில் எச்-இன் எண் 72. கன்ட்ரோல் விசையோடு அழுத்தினால் 64 கழிந்து 8 ஆகிறது. எட்டு என்பது பின்னோக்கி ஓரிடம் நகர்வதற்கான குறி. ஜே பத்தாவது எழுத்து. 10 என்பது அடுத்த வரிக்கு இறங்கும் குறி. கே, எல் ஆகிய அடுத்த இரண்டையும் மேலுக்கும் வலத்துக்கும் முனையத்தைச் செய்தவர்கள் வைத்துக்கொண்டனர். இவ்வளவே இரகசியம்.

அதே முனையத்தில் எஸ்கேப் விசை, இன்று டேப் விசை உள்ள இடத்தில், கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. பின்வந்த விசைப்பலகைகள் அதை மூலைக்குத் தள்ளிவிட்டன. வி.ஐ.-யிலோ நொடிக்கொருமுறை அது வேண்டும். ஆகவேதான் இன்று பலர் கேப்ஸ் லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்கிறார்கள்.

எதிர்முகாமின் கதை இன்னும் சுவையானது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் திரைகள் கணிப்பொறியோடு நேராக இணைந்திருந்தன, வேகத்துக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்த 'டெகோ' திருத்தியில் எந்த விசைக்கு எந்த வேலை என்பதை அவரவரே வகுத்துக்கொள்ளலாம். விளைவு? ஒருவர் இருக்கையில் மற்றவர் அமர்ந்தால் ஒன்றும் புரியாது. இந்தக் குழப்பத்தைச் சீர்செய்ய 1976-இல் கை ஸ்டீல் முதல் முயற்சி எடுத்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் அதனை முடித்து 'ஈமேக்ஸ்' என்று பெயரிட்டார். அவரவர் விருப்பத்தை ஒழுங்குபடுத்தப் பிறந்த கருவி, இன்று ஆளுக்கொரு விதமாக மாற்றப்படுவதில் முதலிடம் பெறுகிறது என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

இவ்விருப்பங்களை எழுதிவைக்கும் கோப்புகளின் பெயர் புள்ளியில் தொடங்குவதையும், சாதாரணமாகப் பட்டியலில் தெரியாததையும் கவனித்திருப்பீர்கள். இது திட்டமிட்ட ஏற்பாடு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஒரு தற்செயல் என்று பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் எழுதினார். நடப்புக் கோப்புறைக்கு ஒரு புள்ளி, அதன் தாய்க் கோப்புறைக்கு இரு புள்ளிகள் என்பது யூனிக்ஸ் மரபு. இவ்விரண்டையும் பட்டியலில் காட்டாமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் நிரல் பார்த்தது. புள்ளியில் தொடங்கும் மற்றப் பெயர்களும் அதனாலேயே மறைந்தன. மறைவிடம் கிடைத்ததும் எல்லோரும் அங்கே குடியேறிவிட்டனர்!

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் அமிகா கணிப்பொறிக்காக எழுதி 1991-இல் வெளியிட்டதே விம். 2023-இல் தாம் மறையும்வரை அதைப் பேணிவந்தார். ஏ.டி.எம்.-3ஏ முனையத்தைக் கண்ணால் கண்டிராதவர்களின் விரல்களும் அந்த நான்கு எழுத்துகளிலேயே நடக்கின்றன.

அடுத்த வாரம் அந்த மாணவரிடம் இதையெல்லாம் கரும்பலகையில் கணக்குப் போட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்ற எந்தக் கோப்பில் எழுத வேண்டும்?" என்றார்.